கணப்பில் உருகிய ஜாய்ஸ்டிக்

ஈரம் பட்ட எதையும் கணப்பில் காட்டினால் சரியாகிவிடும் என்பது எங்கள் வீட்டில் யாரும் சொல்லித் தராமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் போகும் பாதையில் குடியிருந்தோம். ஐப்பசி பிறந்துவிட்டால் அங்கே வெயில் என்பது பேச்சுக்குத்தான். பள்ளிக்கூட சாக்ஸ், தீப்பெட்டி, நனைந்த நோட்டு எல்லாமே கரிச்சட்டிக்கு மேல் கட்டிய கம்பி வலையில்தான் காயும். அதனால் பதினோரு வயதில் ஒரு ஜாய்ஸ்டிக்கையும் அதே வலையில் காயப்போட்டேனே, அதை முழு முட்டாள்தனம் என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். முக்கால் முட்டாள்தனம் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

ஜாய்ஸ்டிக் எங்களுடையது அல்ல. வீடும் எங்களுடையது அல்ல. சென்னையில் இருந்த ஒரு ஐயாவின் பங்களாவுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் நாங்கள் இருந்தோம். பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை அம்மாவுக்கு. அப்பா கேரளாவில் ஏலத் தோட்டத்தில் இருந்தார், மாதம் ஒருமுறை வருவார். அம்மாவின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதால், ஐயாவை முதுகுக்குப் பின்னால் தொரை என்றுதான் அம்மா சொல்லுவாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே குரல் தணிந்துவிடும். எங்களுக்கு முன்னால் அங்கே இருந்த குடும்பத்தை, உடைந்துபோன ஒரு நிலைக்கண்ணாடிக்காக, ஒரே சாயங்காலத்தில் பெட்டி படுக்கையோடு ரோட்டில் நிறுத்தியவர் அவர். அந்த இடத்துக்குத்தான் நாங்கள் வந்தோம். அம்மா அதை மறக்கவும் இல்லை, என்னை மறக்க விடவும் இல்லை.

பங்களாவின் மாடி அறையில் கம்ப்யூட்டர் இருந்தது. ஈரம் ஏறாமல் இருக்க அதன் பக்கத்தில் எந்நேரமும் ஒரு குண்டு பல்பு எரியும். சனிக்கிழமை தோறும் அரை மணி நேரம் அதை ஓடவிட்டு அணைப்பது என் சோலி. சுவிட்சைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்பது ஐயாவின் உத்தரவு. பதினோரு வயசுப் பிள்ளையிடம் அப்படி ஒரு உத்தரவைப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சென்னையில் இருந்தார் பாருங்கள், அவரையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அந்த ஜாய்ஸ்டிக்கை ஐயா வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்திருந்தார். இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி இரண்டு கைப்பிடி, கறுப்பு உடம்பு, சாம்பல் நிறப் பொத்தான்கள். கார் ரேஸ் விளையாடும்போது கார் எதிலாவது மோதினால் கைக்குள் அது டர்ரென்று அதிரும். ஐயாவுக்கு அதில் பெருமையோ பெருமை. வருகிற விருந்தாளிகள் கையில் எல்லாம் அதைக் கொடுத்து, அவர்கள் திடுக்கிடுவதைப் பார்த்துச் சிரிப்பார். நான் திருட்டுத்தனமாக முதல் தடவை பிடித்தபோது ஷாக் அடித்துவிட்டதென்றே நினைத்தேன். பிறகு பழகிவிட்டது. சனிக்கிழமை அரை மணி நேரம் ஒரு மணி நேரமானது.

ஒரு சனிக்கிழமை பார்க்கிறேன், பொத்தான்களின் இடுக்கில் வெள்ளையாகப் பூசணம். ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்புதான். தண்ணீர் உள்ளே இறங்கி இரண்டு பொத்தான்கள் அமுங்கியபடியே நின்றுவிட்டன. பாவாடைக்குள் மறைத்துக் கீழே கொண்டுவந்து கம்பி வலையில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா விறகு எடுத்து வைக்கக் கூப்பிட்டாள். விறகை அடுக்கிவிட்டுத் திரும்பினால் வீடெல்லாம் நாற்றம். ஒரு பக்கக் கைப்பிடி வலைக் கம்பிகளுக்கு நடுவே வழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அதைப் பிய்த்தெடுத்து, பழைய துணியில் சுற்றி, என் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்தேன். அதற்குப் பிறகு எட்டு நாள் நான் ஒழுங்காகச் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. பங்களாவில் போன் அடித்தாலே காதைப் பொத்திக்கொள்வேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, எங்கள் பெட்டியும் பாத்திரங்களும் ரோட்டோரம் கெடக்குமோ என்று வளைவுக்கு முன்னாலேயே எட்டிப் பார்ப்பேன். கெடக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் கால் நடக்கும்.

ஒன்பதாம் நாள் அந்த போன் வந்தேவிட்டது. பாப்பாவுக்கு லீவாம். வெள்ளிக்கிழமை வந்து பத்து நாள் தங்குவார்களாம். பாப்பா என்பது ஐயாவின் மகள். என்னைவிட இரண்டு வயது பெரியவள், ஆனாலும் நாங்கள் பாப்பா என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா மாடியைத் துடைக்கப் போனாள். போன வேகத்தில் இறங்கி வந்தாள். நான் திருதிருவென்று முழித்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது. நானே பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். "இனி எங்க போறது?" என்று மட்டும் கேட்டாள். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

அன்று சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பெருமாள்மலையிலிருந்து மதுரைக்குக் கேரட், பீட்ரூட் லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். உலகத்தில் தனக்குத் தெரியாத மெஷினே கிடையாது என்ற நினைப்பு அவருக்கு. தொரையிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அம்மா கேட்டாள்.

"சொல்லலாம்க்கா. சொல்லிட்டு வண்டியையும் வரச் சொல்லிருவோம், சாமான ஏத்த," என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்தார். "ஏ புள்ள, நாளைக்கு வெள்ளனே கெளம்பு. அது எப்படி இருந்துச்சுன்னு ஒனக்குத்தான தெரியும்."

மறுநாள் விடிந்ததும் கேரட் மூட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்து மலை இறங்கினேன். உருகினதைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்திருந்தேன். மற்ற நாளாக இருந்தால் லாரியில் மதுரைக்குப் போவது எனக்குத் திருவிழா. அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் எதிரே வருகிற கார் ஐயாவுடையதாக இருக்குமோ என்று சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டே வந்தேன். அவர் வருவதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

மதுரையில் ரயில் நிலையத்துக்கு எதிர்த் தெருவில் ஒரு கடை. கடைக்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, அடுப்புல வச்சீங்களா?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். மாமாவும் நானும் சிரிக்கவில்லை.

அதே கம்பெனியின் அதே மாடலை அவர் முதலில் எடுத்து வைத்தார். விலையைக் கேட்டதும் மாமா அதை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். அடுத்து, இருப்பதிலேயே மலிவானது ஒன்று. மாமா சந்தையில் தக்காளி அமுக்குகிற மாதிரி ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்து, இதையே எடுத்துரலாம் என்றார். நான் அதன் வயரின் நுனியைப் பார்த்தேன். அகலமாக, ஊசி ஊசியாகக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. எங்களுடையதில் தட்டையாகச் சின்னதாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இந்தப் பழைய மாடல் இப்போதைய கம்ப்யூட்டர்களில் செருகவே செருகாது என்று கடைக்காரர் அப்போதுதான் ஒப்புக்கொண்டார். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை, மாமாவின் கைக்கு எட்டுகிற விலை. ஒன்று நீலமாக, குண்டாக இருந்தது. அது மோதினால் அதிரும். இன்னொன்று எங்களுடையதை அச்சில் வார்த்த மாதிரி அதே கறுப்பு, அதே சாம்பல் பொத்தான். ஆனால் அது அதிராது.

"ஆடுறது வேணுமா, பாக்க ஒத்துப்போறது வேணுமா, நீங்களே பாத்துக்கங்க," என்றார் கடைக்காரர்.

மாமா என்னைப் பார்த்தார். லாரி ஓட்டுகிற மனுஷன், அத்தனை வாய் பேசுகிறவர், முடிவை என்னிடம் விட்டுவிட்டார். நீலத்தை வாங்கினால் ஐயா அறைக்குள் நுழைந்த நிமிஷமே பிடித்துவிடுவார். கறுப்பை வாங்கினால் முதல் மோதல் வரைக்குமாவது நாங்கள் அந்த வீட்டில் இருக்கலாம். நான் கறுப்பைக் காட்டினேன். காட்டின விரலை மடக்குவதற்குள்ளேயே தப்புப் பண்ணிவிட்டோமோ என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டையும் இரண்டு கையில் பிடித்துப் பார்த்தால் இன்னொரு வில்லங்கம். புதியதுக்கு எடையே இல்லை. மாமா திருப்புளியை எடுத்துப் பழையதைக் கழற்றினார். உள்ளே இரண்டு குட்டி மோட்டார்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் பிறை வடிவில் ஒரு இரும்புத் துண்டு. ஆட்டுகிறவன் இவன்தான் என்று கண்டுபிடித்துவிட்டார். இரண்டையும் வெட்டியெடுத்துப் புதியதற்குள் பசை போட்டு ஒட்டி, வயர்களையும் எங்கேயோ இடம் பார்த்து முறுக்கிவிட்டார். எடை சரியாக வந்தது. ஆடுமா என்று கேட்டேன். "லாரிக்கே வயரிங் பண்றவன் நான்," என்றார். அது பதில் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. சோதித்துப் பார்க்கலாமென்றால் மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை கரண்ட் இல்லாத வீட்டில்தான் ஐயா வந்து இறங்கினார். வந்ததும் வழக்கம்போல ஒவ்வொரு அறையாகப் போய்ச் சாமான்களைச் சரிபார்த்தார். அம்மா பின்னாலேயே போனாள், நான் அம்மாவுக்குப் பின்னால் போனேன். மாடி அறையில் அவர் ஜாய்ஸ்டிக்கை எடுத்தார். கையில் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி ஒரு கயிறாகவே ஆக்கிவிட்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் கரண்ட் வந்தது. அம்மா என்னிடம் காபித் தட்டைக் கொடுத்து மேலே அனுப்பினாள். பாப்பா விளையாட உட்கார்ந்திருந்தாள். ஐயா பின்னால் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தட்டை வைத்துவிட்டுப் போக எனக்குக் கால் வரவில்லை. கார் கிளம்பியது, ஒரு வளைவு, இரண்டு வளைவு. மூன்றாவது வளைவில் சுவரில் மோதியது.

பாப்பாவின் கை அசையவில்லை. அவள் ஜாய்ஸ்டிக்கைக் குனிந்து பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"என்ன பாப்பா, அதிருதா?" என்று கேட்டார் ஐயா. பேப்பரைக் கொஞ்சம் இறக்கியிருந்தார்.

கார் மறுபடி ஓடியது. மறுபடி மோதியது. இந்தத் தடவை அவள் இரண்டு கையும் ஜாய்ஸ்டிக்கோடு சேர்ந்து வெடவெடவென்று ஆடியது.

"அதிருதுப்பா," என்றாள்.

நான் படியில் இறங்கவில்லை, பறந்தேன். ஆடுது, ஆடுது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்படியில் நின்றபடியே அழுதாள். மாமாவுக்குச் சேதி போனதும் அவரைப் பிடிக்க முடியவில்லை. வெளிநாட்டு மெஷினைத் திறந்து சரிபண்ணின கதையைப் பெருமாள்மலை டீக்கடையில் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அதில் மோட்டாரின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போனது.

எனக்குத்தான் ஒரு மனக்குறை. முன்னே வந்தபோதெல்லாம் பாப்பா எனக்கும் ஓர் ஆட்டம் தருவாள். இந்தப் பத்து நாளும் என்னைத் தொடவே விடவில்லை. ஐயாவின் நண்பர் ஒருவர் வந்து கையை நீட்டியபோதுகூட, கேம் முடியட்டும் அங்கிள் என்று கொடுக்காமலே சமாளித்துவிட்டாள். ஊருக்குப் போகும்போது, ஒருநாளும் இல்லாத வழக்கமாக, அதைத் தன் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டும் போய்விட்டாள். சரியான கஞ்சப் பாப்பா என்று நான் மனசுக்குள் திட்டினேன். எங்கள் காசில் வாங்கினதை எங்கள் கண் முன்னாலேயே கொண்டுபோகிறாளே என்று வேறு ஆத்திரம்.

இப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒருவர் பரணிலிருந்து எடுத்த பழைய சாமான்களைக் கொண்டுவந்தார். அதில் நாங்கள் மதுரையில் வாங்கின அதே கறுப்பு மாடல் ஒன்று இருந்தது. ஆசையாகத் திறந்து பார்த்தேன். மோதலை மோட்டாருக்குச் சொல்கிற எந்த ஏற்பாடும் உள்ளே இருந்த சர்க்யூட் பலகையில் கிடையாது. மாமா முறுக்கிய வயரில் கரண்ட் போயிருந்தால் அது ஓயாமல் ஆடியிருக்க வேண்டும், போகாவிட்டால் ஆடியே இருக்கக்கூடாது. மோதும்போது மட்டும் ஆடுவதற்கு வழியே இல்லை.

பத்து நாள், ஒவ்வொரு மோதலுக்கும், பின்னால் அப்பா உட்கார்ந்திருக்க, அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் தன் கையைத் தானே ஆட்டியிருக்கிறாள். அந்த வீட்டில் அவருக்குப் பயந்தவர்கள் அம்மாவும் நானும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கையில் அன்றைக்கு இருந்த நடுக்கத்தில் எவ்வளவு அவளாக ஆட்டியது, எவ்வளவு தானாக வந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.