குற்றாலத்தில் ஒரு டம்ளர் கசப்புப் பால்

காலை ஏழரைக்குத் தென்காசி ஸ்டேஷனில் இறங்கினேன். குற்றாலம் அங்கிருந்து மூன்றரை மைல். ஜட்காக்காரர் ஆறணா கேட்டார். தோல்பையுடன் ஒரு டாக்டரும் ஏறியதால் ஆளுக்கு மூன்றணாவாயிற்று. ஆடிச் சாரல் வழியெல்லாம் முகத்தில் அடித்தது.

டாக்டர் அருவிக்கு வரவில்லை. சண்முகம் என்ற ஜவுளி வியாபாரி டைபாய்டிலிருந்து எழுந்து, காற்று மாற்றத்துக்காகக் குற்றாலத்தில் வாடகை வீட்டில் இருந்தார். காய்ச்சல் விட்டும் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. "இன்னும் ரெண்டு நாள் இப்படிப் போனா ஆள் தாங்க மாட்டாரு" என்ற டாக்டர், பேச்சுத் துணைக்கு என்னையும் கூட வரச் சொன்னார்.

சண்முகம் எலும்பும் தோலுமாய்ச் சாய்ந்திருந்தார். "வாங்க. அருவியில குளிக்க வந்தவன், சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்."

போன தடவை பாலில் கலக்கத் தாம் கொடுத்த பொடி என்னவாயிற்று என்று டாக்டர் கேட்டார்.

"பால்ல போட்டு நல்லாக் கொதிக்க வச்சுத்தான் குடுத்தேன். அம்புட்டையும் வாந்தி எடுத்துட்டாவ" என்றார் மனைவி செல்லம்மாள்.

"பொடியையும் சேத்தா கொதிக்க வச்சிய?"

"பின்னே? பச்சப் பாலையா சீக்காளிக்குக் குடுப்பாவ?"

"கொதிச்சா பொடி செத்துரும்மா. நாந்தான் சொல்லியிருக்கணும்."

பாலை முதலில் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்துப் பொடியைக் கலந்து, டம்ளரை வெந்நீர்ச் சட்டியில் இறக்கினார் டாக்டர். அது ஒரு விலங்கின் கணையத்திலிருந்து எடுத்த பொடியாம்.

"பால்ல இருக்க புரோட்டீன் பாசிமணி மாலை மாதிரி. முழு மாலை குடல் சுவர்ல நுழையாது. இரைப்பையில கொஞ்சம் அறுபடும், மிச்சத்தக் கணையநீர் அறுக்கும். இவரு வயித்துக்கு இப்ப அந்தத் தெம்பு இல்ல. அதான் பாதி வேலைய வெளியவே முடிக்கோம்."

பிறகு என் தோளில் கிடந்த டர்க்கித் துண்டைத் தடவினார். "குடலோட உள்பக்கம் இப்படித்தான். இந்த நூலவிடப் பொடிசா, லட்சக்கணக்குல விரல் மாதிரி நீட்டிக்கிட்டிருக்கும். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ரத்தக்குழாய். உதிர்ந்த மணி அதுல ஏறி ஈரலுக்குப் போகும். அங்கேருந்து உடம்பு பூரா."

இருபது நிமிஷம் டம்ளரையே பார்த்திருந்தோம். நுரையில்லை, சத்தமில்லை. பால் லேசாக மஞ்சளித்தது, அவ்வளவுதான். வேலை முடிந்த பொடியை இனி நிறுத்த வேண்டுமென்று மீண்டும் ஒரு கொதி கொதிக்கவிட்டு, ஆற்றிக் கொடுத்தார்.

"கசக்கே! வேப்பங்கொழுந்து எதுவும் போட்டியளா, டாக்டரே?"

"கசந்தா மணி உதிர்ந்துட்டுன்னு அர்த்தம். குடிங்க."

அருவிக்குப் போனேன். தலையில் இடியாக விழுந்த தண்ணீரில் நின்றபோதும் அந்த டம்ளர்தான் நினைவில் இருந்தது. துண்டை உடனே தலையில் போட மனமில்லாமல் சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்தேன்.

மாலை நான்கு மணிக்குத் திரும்பினால் செல்லம்மாள் வாசலிலேயே நின்றார். "பால் வயித்துல தங்கிட்டு! இன்னொரு டம்ளர் கேக்காவ" என்றார்.

இரவு வண்டிக்குக் காத்திருக்கையில் தென்காசி ஸ்டேஷனில் ஓர் உளுந்து வடை தின்றேன். ஊரில் எத்தனையோ தின்றிருக்கிறேன். வெந்நீர்ச் சட்டியில்லை, பொடியில்லை, பார்த்துக்கொண்டிருக்க யாருமில்லை. வண்டி கிளம்பும்போது உள்ளே மாலையை அறுக்கும் வேலை தானே தொடங்கியிருக்கும். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.