சாத்துலே

பழைய வீட்டைப் புதுப்பிக்கிற தச்சன் என்றால் பூவைத் தொடுகிற மாதிரி வேலை பார்ப்பான் என்று பலருக்கு நினைப்பு. கிழிஞ்சது. கடப்பாறையை விட்டு நெம்பி, கத்தக் கத்தப் பிடுங்கினால்தான் பழைய உத்திரம் இடத்தை விட்டு நகரும். சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது அடிதடிக்குப் போய் வந்தவன் மாதிரிதான் இருப்பேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், தோப்புக்குள் இருந்த ஒரு பெரிய வீட்டில் நானும் என் தங்கை மாப்பிள்ளையும் வேலை எடுத்திருந்தோம். வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. அண்ணன் அதைச் சரிசெய்து சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட நினைத்தார். தம்பிக்கோ தூணையும் கதவையும் பிரித்து வியாபாரியிடம் தள்ளிவிட வேண்டும். முற்றத்தில் நின்று ஒருவர் பிறப்பை ஒருவர் இழுத்துத் திட்டுவார்கள். இரண்டு பேரும் திட்டுவது ஒரே அம்மாவைத்தான் என்பது அந்த நேரத்தில் உறைக்காது.

சாரல் பிடித்ததும் தலைவாசல் கதவு ஊதி, நிலையில் இறுகிவிட்டது. இழைத்துத்தான் மாட்ட வேண்டும் என்று கழற்றிப் பின்கட்டில் கிடத்தியிருந்தோம். அன்று காலை தம்பிக்காரர் நாலைந்து ஆட்களோடு உள்ளே நுழைந்தார். தூணின் தலையில் மாப்பிள்ளை பார்த்துப் பார்த்துச் செதுக்கிப் பொருத்திய போதிகைக் கட்டைக்குள் ஒருவன் கடப்பாறையை விட்டு நெம்பினான். அது பிளந்து, சில்லு பறந்து என் கன்னத்தைக் கிழித்தது. மாப்பிள்ளை குறுக்கே போனார்.

"கூலிக்கு வந்த நாயி, வெளிய போலே!" தம்பிக்காரர் அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார்.

கூடத்தில் நின்ற அண்ணன், "சாத்துலே! சாத்து!" என்று அலறினார்.

உளியை அடிக்கிற கட்டைச் சுத்தியல் மாப்பிள்ளை கையில் இருந்தது. அது இறங்கியது. தம்பிக்காரரின் முன்கை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த அடி தோளில். அவர் சுருண்டு விழுந்த பிறகும் மாப்பிள்ளை ஓங்கினார். நான் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி இழுத்தேன். அவர் முழங்கை என் பல்லில் மோதி வாயெல்லாம் ரத்தம். தம்பிக்காரர் கூட்டி வந்த ஆட்கள் அவரை அப்படியே போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்கள்.

மாப்பிள்ளைக்குத் துபாய் வேலைக்கு விசா வந்திருந்த நேரம் அது. கேஸ் விழுந்தால் எல்லாம் போச்சு. அன்று மத்தியானம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் என் தங்கை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

உள்ளே இன்ஸ்பெக்டர் முன்னால் அண்ணன்காரர் வேட்டி கசங்காமல் உட்கார்ந்து, "கதவச் சாத்தச் சொன்னேன் சார். இவன் ஆளச் சாத்திட்டான். அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார்.

அடப்பாவி மனுஷா என்று இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், ஆஸ்பத்திரியிலிருந்து கைக்கட்டோடு வந்திருந்த தம்பிக்காரர் பெஞ்சை விட்டு எழுந்தார்.

"எந்தக் கதவலே? வாசல்ல கதவே கெடையாது. தொறந்த வீட்டுக்குள்ளதான நான் வந்தேன்? என்னைய அடிக்கச் சொல்லிட்டு இப்பம் கதவுங்கான் சார்! அந்த ஆசாரிய விடுங்க, இவன் பேர எழுதுங்க!"

சொல்லிக்கொண்டே நல்ல கையால் அண்ணன் மூக்கில் ஒரு குத்து விட்டார். அண்ணன் அவரைக் கழுத்தோடு பிடித்து மேஜைமேல் சாய்த்தார். இருவரையும் பிரிப்பதற்குள் ஒரு போலீஸ்காரரின் சட்டையும் கிழிந்தது. கடைசியில் புகார் அண்ணன் பேரில் எழுதப்பட்டது. மாப்பிள்ளையை நாலு அறை அறைந்து வெளியே அனுப்பினார்கள்.

எதிரே டீக்கடையில், எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "தப்பிச்சோம் மாப்ளே. ஏவிவிட்டவரு மாட்டிக்கிட்டாரு" என்றேன். தங்கை அவரை ஒட்டி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை டீயைத் தொடவே இல்லை.

"அண்ணன்காரரு கத்துனதே எனக்கு அடிச்ச பொறவுதான் காதுல விழுந்துச்சு மச்சான். நீங்க மட்டும் பிடிக்கலன்னா, அடுத்தது மண்டையிலதான்."

தங்கை அவரை விட்டு நகர்ந்து என் பக்கம் வந்து நின்றுகொண்டாள்.