மரியஜானின் பேச்சு நின்ற இடங்கள்

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திங்கள்சந்தை மீன் சந்தையில் மரியஜான் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். சந்தை பயந்துபோனது.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அவர்கள் இந்தப் பெண்மணியிடம் மீன் வாங்கியதில்லை. கடற்கரை ஊரான கொட்டில்பாட்டிலிருந்து காலை வண்டியில் வந்து இறங்கும்போது தொடங்கும் குரல், குட்டை என்கிற மீன்கூடை காலியாகும்வரை நிற்காது. இருபத்தாறு வருடமாக இதுதான் நடைமுறை. பக்கத்துக் கருவாட்டுக் கடைக்காரருக்குக் காது மந்தமானதற்கு வயதுதான் காரணம் என்று டாக்டர் சொல்கிறார். சந்தைக்கு வேறு கருத்து உண்டு.

அன்று எதிரே நின்றவர் கோலப்பன். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். மனுவில் குற்றம் கண்டுபிடித்த பழக்கத்தை இப்போது மீனில் செலவழித்து வருகிறார். ஒரு பாரையின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நேத்தைக்குள்ள மீனாக்கும்" என்றார்.

"நேத்தைக்குள்ளதா? காலத்த அஞ்சு மணிக்குக் கரையேறின பாரைய நேத்தைக்குள்ளதுண்ணு செல்லுதீரே சாரே, உமக்க வீட்டுல..."

அவ்வளவுதான். வாய் திறந்தபடி நின்றது. கண் கோலப்பனையே பார்த்தது. வலது கையிலிருந்த கத்தி நழுவிப் பலகையில் விழுந்தது. நாலு கடை தள்ளி இறால் உரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். பிறகு மரியஜான் தண்ணீர் கேட்டார், குடித்தார், என்ன நடந்தது என்று அவரே விசாரித்தார். கோலப்பன் பாரையை வாங்காமலே வீட்டுக்குப் போனார். "உமக்க வீட்டுல" என்ற இரண்டு சொல் மட்டும் அவர் பின்னாலேயே போனது.

மாலைக்குள் கொட்டில்பாட்டில் மரியஜானுக்கு மூன்று நோய்கள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. வெயில் என்றது ஒரு கட்சி. கண்ணேறு என்றது இன்னொன்று. செல்போன் டவர் என்றது படித்த கட்சி. ஸ்கேன் வந்து நான்காவதாக ஒன்றைச் சொன்னது: மூளையின் இடது பக்கம், பேச்சுக்குப் பொறுப்பான பகுதியை ஒட்டி ஒரு கட்டி. மெதுவாக வளரும் ரகம். விட்டுவைத்தால் ஒருநாள் வேகம் பிடிக்கும். எடுத்தால் பேச்சு போகலாம்.

"உயிரு இருந்தாப் போதும் ஏட்டி," என்றார் கணவர் சேசடிமை. முப்பது வருடம் கடலுக்குப் போனவர். எதற்கும் பெரிதாகப் பதறாதவர்.

"பேச்சு போனா நான் என்னத்த விக்கது?" என்றார் மரியஜான். "மீன எல்லாவனும் விக்கான்."

கேரளத்துப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயரைச் சொன்னால் நல்லதற்கு விளம்பரம் என்பார்கள், கெட்டதற்கு வழக்கு என்பார்கள். எனவே ஆஸ்பத்திரி என்றே இருக்கட்டும். அங்கே மூளை அறுவை நிபுணர் தேவகுமார், குழித்துறைக்காரர். அவர் மரியஜானை ஸ்கேன் குழலுக்குள் படுக்கவைத்து, வாயைத் திறக்காமல் மனதுக்குள்ளேயே சொற்களைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும். இயந்திரம் அதை நிறமாக்கிக் காட்டும். பேசாமல் பேசுவது மரியஜானுக்குப் பழக்கமில்லாத தொழில். இருந்தும் படம் கிடைத்தது. நரம்புக் கற்றைகள் சிவப்பும் நீலமும் பச்சையுமாகத் திரையில் ஓடின.

"இந்தப் படத்துல எல்லாம் தெரியுதே, பெறகு என்னத்துக்கு யோசிக்கிய டாக்டரே?"

"ஊரு எங்க இருக்குண்ணு படம் காட்டும். எந்த வீட்டுல ஆளு இருக்குண்ணு கதவத் தட்டித்தான் பாக்கணும்," என்றார் தேவகுமார்.

கதவு தட்டும் முறை இது. மண்டையைத் திறந்த பிறகு நோயாளியை விழிக்கவைப்பார்கள். தோலுக்கு மரப்பு மருந்து உண்டு. மூளைக்கு வலி கிடையாது, உலகத்து வலியையெல்லாம் கணக்கெடுக்கிற அந்த ஆபீசுக்குச் சொந்த வலி மட்டும் இல்லை. நோயாளி பேசிக்கொண்டே இருக்கவேண்டும். மெல்லிய மின்முனையால் ஒவ்வொரு இடமாகத் தொடுவார்கள். தொட்ட இடம் சில விநாடி வேலைநிறுத்தம் செய்யும். பேச்சு நின்றால் அது தொடக்கூடாத இடம். நிற்காவிட்டால் வெட்டலாம். எல்லா மனிதருக்கும் பேச்சு இன்ன இடத்தில்தான் என்று பாடநூல் ஒரு படம் போட்டு வைத்திருக்கிறது. ஆளுக்கு ஆள் அது விரற்கடை நகர்ந்திருக்கும். அந்த விரற்கடையில்தான் மரியஜானின் பிழைப்பு இருந்தது.

ஆனால் விழித்திருந்து அறுப்பதற்கு ஒரு நுழைவுத்தேர்வு உண்டு. எண்பது படங்கள், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லவேண்டும். முன்கூட்டியே தடுமாறுகிறவரை விழிக்கவைத்துப் பயனில்லை. மேசையில் அவர் தடுமாறினால் அது மின்சாரத்தாலா, நோயாலா என்று யாருக்கும் தெரியாது.

படங்கள் எந்த நாட்டிலோ வரையப்பட்டவை. பயிற்சிக்கு வந்த ஒரு பெண் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு படத்துக்கு ஒரு விடைதான் அதற்குத் தெரியும். முதலில் எஸ்கிமோக்களின் பனிவீடு. "கவுத்திப்போட்ட குட்டை," என்றார் மரியஜான். தவறு. பனியில் சறுக்கும் கட்டை. "சவப்பெட்டிக்கு அறுத்த பலகை." தவறு. யாழ் வந்தது. மரியஜானுக்கு முகம் மலர்ந்தது. கோவில் மச்சில் தினமும் பார்க்கிறதுதானே. "சம்மனசு கையில வச்சிருக்குமே, அது." அதுவும் தவறு. தேவதூதரே வந்து வாசித்துக் காட்டினாலும் டேப்லெட் ஒப்புக்கொண்டிருக்காது.

இருபத்துமூன்றாவது படம் மீன். பயிற்சிப் பெண் நிம்மதியாகச் சிரித்தார்.

மரியஜான் படத்தை நேராகப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இப்பிடி ஒண்ணு கடல்ல கெடையாது. செவுளு எங்க? வாலு சூரைக்குள்ளது, ஒடம்பு நவரைக்குள்ளது. இத வரஞ்சவன் மீன் திங்காதவன்."

"பொதுவா இத என்ன சொல்லுவீங்க, அம்மா?"

"பொதுவா ஒண்ணு கடல்ல நீந்தாது, பிள்ளே."

விடை இல்லை, பூஜ்யம். இருபது நிமிடம் தொடர்ச்சியாக வாதாடிய மரியஜானின் அறிக்கையில் 'பெயர் சொல்லும் திறன் பாதிக்கப்பட்டுள்ளது' என்று எழுதப்பட்டது. எண்பதுக்கு நாற்பத்தொன்று. விழிக்கவைக்க வேண்டாம், தூங்கவைத்தே அறுக்கலாம் என்று டாக்டர்களின் கூட்டம் ஒன்று முடிவெடுத்தது. அதாவது பாடநூலை நம்பி அறுப்பார்கள். பாடநூலுக்குத் திங்கள்சந்தை தெரியாது.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரி கேன்டீனில் நெய்மீன் கறி. ஒரு வாய் வைத்த மரியஜான் தட்டோடு கல்லாவுக்குப் போனார். அது விலை மலிந்த சூரை என்பதையும், சூரை என்று எப்படித் தெரியும் என்பதையும், சூரையை நெய்மீன் என்று விற்கிறவர்களுக்கு மறுமையில் என்ன காத்திருக்கிறது என்பதையும் மூச்சு வாங்காமல் விளக்கினார். வரிசையில் நின்றிருந்தவர்களில் ஒருவர் தன் தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். சூரைதான். அவர் இர்ஷாதா, அந்த ஆஸ்பத்திரியின் மூத்த பேச்சுப் பயிற்சியாளர். சொந்த ஊர் தேங்காப்பட்டணம். விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார்.

"அக்கா, நீங்க எந்த வார்டு?"

"மூளை. நாளான்னைக்கு அறுப்பு. பரிச்சையில நான் பெயில், மக்கா. நாப்பத்தொண்ணு."

"இந்த வாய்க்கா நாப்பத்தொண்ணு?"

இர்ஷாதா நேராகத் தேவகுமாரிடம் போனார். "சார், பெயிலானது அவங்க இல்ல. நம்ம படம்." அறுவை ஐந்து நாள் தள்ளிப்போனது. தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் ஐஸ் இறக்கும் வேலை பார்க்கும் இர்ஷாதாவின் தம்பி நௌஷாத், மறுநாள் விடியும்போதே போனில் அறுபது மீன் படங்களை அனுப்பினார். கத்தி, பலகை, குட்டை, தராசு என்று இருபது படங்களை இர்ஷாதா சேர்த்தார். பனிவீடு வந்த வழியே போனது.

புதிய தேர்வில் மரியஜான் எண்பதுக்கு எண்பது. ஒரு படத்துக்குக் கீழே இர்ஷாதா வெறும் 'பாரை' என்று எழுதியிருந்தார். எந்தப் பாரை என்று எழுதாததற்காக மரியஜான் அவருக்கு ஒரு மார்க் குறைத்தார்.

அறுவை நாள். மண்டை திறந்தாயிற்று, நோயாளி விழித்தாயிற்று. தலை அசையாமல் பிடிக்கப்பட்டிருந்தது. நீலத் துணிக்கு அப்பால் தேவகுமார். இப்பால் முகத்துக்கு முகமாக இர்ஷாதா, கையில் படக்கட்டு.

"இது என்ன, அக்கா?"

"அயிலை." பங்குச் சாமியாருக்குப் பதில் சொல்லும் அடங்கிய குரல் அது.

"இது?"

"இது... சாளை."

நீலத் துணிக்குப் பின்னாலிருந்து தேவகுமார் சொன்னார்: "மின்சாரம் வச்சாலும் இப்பிடித்தான் இழுக்காங்க, வைக்காட்டாலும் இப்பிடித்தான். எனக்கு ஒண்ணும் பிடிகிடைக்கல்ல. இப்பிடியே போனா ஓரத்துல கொஞ்சம் எடுத்துட்டு மூடவேண்டியதுதான்."

பயம்தான் காரணம். பயந்த மரியஜானின் மூளையை வரைபடம் போட்டு என்ன செய்ய? அந்த மரியஜான் சந்தைக்குப் போவதே இல்லை. இர்ஷாதா அயிலைப் படத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார்.

"அக்கா, இது எனக்கு வேண்டாம். நாறுது."

இதயத் துடிப்பைக் காட்டும் கருவி சற்றே வேகம் கூட்டியது. மயக்க மருந்து டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாறுதா? எது நாறுது? ஏட்டி, மொதல்ல உனக்க மூக்க..."

நின்றது. தேவகுமார் மின்முனையை எடுத்தார்.

"...தொடச்சிட்டு வந்து மோந்து பாரு! செவுளப் பாரு, ரத்தமா நிக்குது!"

"ஒண்ணு," என்றார் தேவகுமார். அந்த இடத்தில் ஒரு துளி அளவு எண்சீட்டு வைக்கப்பட்டது.

"ஐஸுல ரெண்டு நாளு கெடந்ததுதானே இது?"

"ஐஸா? எனக்க குட்டையில நீ ஐஸு கண்டியா? தேங்காப்பட்டணத்துக்காரி எனக்கு மீனு படிப்பிச்சுத் தாறியா? உங்க ஊருல..."

"ரெண்டு."

"...பொடி நெத்தோலியக் கண்டாலே திருநாளுண்ணு கொடைபிடிப்பினும்!"

நாற்பது நிமிடத்துக்கும் மேலாக இந்த வியாபாரம் நடந்தது. மரியஜானின் வசவு ஓடிய இடமெல்லாம் கட்டி வெட்டுப்பட்டது. வசவு நின்ற இடத்திலெல்லாம் எண் விழுந்தது. கடைசியாக ஒரு மூலை மிஞ்சியது. இர்ஷாதா வாளையின் படத்தைக் காட்டினார்.

"இதுவும் பழசுதான்."

"பழசா? இந்த... இது நல்ல... ஏட்டி, நீளமா, வெள்ளிக் கச்ச மாதிரி... இது..."

மற்ற சொல்லெல்லாம் வந்தது. மீனின் பெயர் மட்டும் வரவில்லை. மரியஜானின் கண்கள் விரிந்தன. இர்ஷாதா படத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மின்முனை விலகியது.

"வாளை!" என்று கத்தினார் மரியஜான். "வாளை, வாளை, வாளை!"

மீன் பெயர்களுக்கென்று மூளையில் தனி அலமாரி உண்டா என்று கேட்டால் நரம்பியல்காரர்கள் இருமிக்கொண்டு பேச்சை மாற்றுவார்கள். தேவகுமார் அந்த விவாதத்துக்குப் போகவில்லை. மூன்று முறை தொட்டுப் பார்த்தார்; மூன்று முறையும் மீன்கள் மறைந்து திரும்பி வந்தன. "இத நான் தொடல்ல," என்றார். பயறளவு கட்டி அங்கேயே விடப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து அதை நோட்டமிடுவது. வாலாட்டினால் அப்போது பார்ப்பது.

பிறகு வார்டில் தேவகுமார், எண்சீட்டுகள் வைத்த மூளையின் படத்தைச் சேசடிமையிடம் காட்டினார். "இந்த நம்பர் உள்ள எடத்துலதான் பேச்சு நின்னுது."

சேசடிமை குனிந்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். "முப்பது வருசமா இந்த எடத்தத்தான் டாக்டரே நான் தேடினேன்."

கட்டிலிலிருந்து மெல்லிய குரல் வந்தது: "அந்தப் படத்த அவருக்குக் குடுத்திராதீங்க."

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன முதல் வாரத்தில் மரியஜான் சந்தைக்குத் திரும்பினார். தலையில் ஒரு துண்டு, அதற்குக் கீழே வளரத் தொடங்கிய முடி. சந்தை மரியாதையாக நடந்துகொண்டது. யாரும் விலை குறைத்துக் கேட்கவில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை. 'பாவம்' என்று ஒருவர் அடுத்தவர் காதில் சொன்னார்.

கோலப்பன் வந்தார். குட்டையைப் பார்த்தார். ஒரு மீனைக் காட்டி, "இதத் தாம்மா, நல்ல மீனு," என்றார். கேட்ட விலைக்குப் பையை நீட்டினார்.

மரியஜான் பையை வாங்கவில்லை. "சாரே, நல்ல மீனுண்ணு எப்பிடித் தெரியும்? செவுளு பாத்தீரா?"

"நீ சொன்னாச் சரியா இருக்கும், அம்மா."

"நான் செத்துட்டேனா சாரே?"

சந்தை கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்து மாதமாக நெஞ்சில் கிடந்த கேள்வி கோலப்பனை அறியாமல் வெளியே வந்தது: "அன்னைக்கு எனக்க வீட்டுலண்ணு ஒண்ணு செல்ல வந்தியே. அது என்னது?"

"குத்தம் செல்லாதவனுக்கு நான் பதில் செல்லமாட்டேன்."

கோலப்பன் தொண்டையைச் செருமினார். குனிந்து, செவுளைத் தூக்கி, மூக்கருகே கொண்டுபோனார். "இது நேத்தைக்குள்ள மீனாக்கும்," என்றார்.

மரியஜான் வாயைத் திறந்தார். அரை விநாடி சொல் வரவில்லை. அந்த அரை விநாடியில் கோலப்பனை அவர் மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். தாமதமா, இளக்காரமா என்று சொல்ல உலகத்தில் எந்த ஸ்கேனாலும் முடியாது.

"பாரை," என்றார். "காலத்த கரையேறின பாரை! இது நேத்தைக்குள்ளதா? உமக்க வீட்டுல கெடக்குத பூனை இருக்கே சாரே, அது எத்தன வருசமா உம்ம மீன மோந்து பாத்து மோந்து பாத்து, எது நல்லது எது கெட்டதுண்ணு படிச்சாச்சு. நீருதான் இன்னும் படிக்கல்ல. நாளைக்கு நீரு வராதேயும், பூனைய அனுப்பும்!"

கருவாட்டுக் கடைக்காரர் தலையைத் திருப்பினார். அவருக்கே கேட்டுவிட்டது.