பூட்டில் கை வைக்காதவள்

காஜா மெஷினில் உட்கார்ந்திருப்பவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் தையல் கம்பெனியில் அவள் சரவெடி. பற்றிக்கொண்டால் முழுக்க வெடித்துத் தீராமல் ஓயமாட்டாள். கல்யாணம் பேச வந்த மாமியாரிடமே, "நீங்க கேட்டாச்சில்ல? இப்ப நான் கேக்கறேன்" என்று ஆரம்பித்தவள். புருஷனுக்கு வேலை போனபோது அழுதுகொண்டு உட்காராமல், நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாள். இந்த இருவர் கையால்தான் இன்றைக்கு வீட்டில் உலை கொதிக்கிறது. அந்த நாத்தனார் இப்போது வாயும் வயிறுமாக வேறு இருக்கிறாள்.

போன வாரம் அயர்ன் மேஜையில் துணி கருகிப் புகை மண்டிவிட்டது. முன்வாசலுக்குப் போக அந்த மேஜையைத் தாண்டியாக வேண்டும். எல்லாரும் அலறியடித்துக்கொண்டு பின்பக்கக் கதவுக்கு ஓடினார்கள். அங்கே பூட்டு! துணி திருட்டுப் போகிறதாம், மேனேஜர் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். அயர்ன்காரர் வாளித் தண்ணீரைக் கொட்டி அணைத்ததால் பிழைத்தார்கள். நெரிசலில் நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் சரிந்ததைப் பார்த்தபோது சரவெடிக்கு உயிரே போய்விட்டது.

நேரே மேனேஜரிடம் போனாள்.

"சார், அந்தக் கதவைத் திறந்து வைங்க."

"திறந்தா துணிக்குக் கால் முளைச்சிடும். வெறும் புகைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

"நெருப்பு என்ன, சொல்லிட்டா வரும்?"

மறுநாள் காலையில் கதவில் பழையதைவிடப் பெரிய பூட்டு தொங்கியது. "இதுல எவ கை வைக்கிறாளோ, அவளுக்கு அன்னிக்கே வேலை காலி" என்று ஊரைக் கூட்டாத குறையாகச் சொன்னார் மனுஷர்.

"பூட்டுல கை வைக்கக் கூடாது. அவ்வளவுதானே?" என்றாள் சரவெடி. அப்போதே அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது.

அன்று டீ நேரத்தில் மேனேஜர் போனோடு அறைக்குள் போனதும் வேலை ஆரம்பித்தது. தையல்காரி கையில் திருப்புளி இல்லாமல் இருக்குமா? சத்தம் வெளியே கேட்காமலிருக்கப் பெண்கள் துணியே வைக்காமல் மெஷின்களைக் கடகடவென்று ஓட்டினார்கள். அயர்ன்காரர் காவல் நின்றார். துருப்பிடித்த கீல்களில் நாத்தனார் மெஷின் எண்ணெயை விட்டாள்.

"அண்ணி, வேலை போயிடும் அண்ணி. வீட்டுல என்ன பண்ணுவோம்?"

"வேலை போனா வேற தேடிக்கலாம். நீ போனா உன்னை எங்கேடி தேடுவேன்? எண்ணெயை விடு!"

"நாதாங்கியை மட்டும் கழட்டினா போதாதா?" என்றாள் செக்கிங்காரி.

"நாளைக்கே திரும்ப மாட்டிடுவாரு. கதவே வேணாம்."

கடைசித் திருகு அசைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. சரவெடி பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பையே திருப்பினாள். கிரீச்! நிலையிலிருந்து நாதாங்கி வளையமும் கழன்று வர, கதவு அப்படியே பெண்களின் கையில் சாய்ந்தது. வெளிச்சமும் காற்றும் திபுதிபுவென்று உள்ளே வந்தன. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

கதவைத் தூக்கிக்கொண்டு போய் மேனேஜர் அறைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். பூட்டு பூட்டியபடியே அதில் ஆடிக்கொண்டிருந்தது.

"பத்திரமா இருக்கு சார். ஒருத்தரும் கை வைக்கலை" என்றாள் சரவெடி.

மேனேஜர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "வெளியே போ!" என்று கத்தினார்.

"போறேன் சார். ஆனா அந்த வழியாத்தான் போவேன்."

நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினாள். பின்னாலேயே மொத்த லைனும் இறங்கியது, அயர்ன்காரர் உட்பட. ஒருவரும் ஒருவரை இடிக்கவில்லை. மெஷின்கள் மட்டும் உள்ளே இருந்தன, நடுவில் மேனேஜர்.

சற்று நேரத்தில் அவரே வாசலில் வந்து நின்றார்.

"சரி சரி, எல்லாரும் வந்து வேலையைப் பாருங்க."

"நானும் வரணுமா?" என்று கேட்டாள் சரவெடி.

"நீயும்தான்."

"அப்ப கதவு?"

"கிடக்கட்டும், விடு."

கதவு இன்னும் அவர் அறையில்தான் சாய்ந்து கிடக்கிறது. சாவி இன்னும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது.