சென்சார் காட்டிய கணக்கு

புகைக்குழாயில் நானே ஆக்சிஜன் சென்சார் பொருத்திய பழைய காரில் மனைவியோடு கொல்லிமலை ஏறினேன். அவள் மடியிலிருந்த லேப்டாப்பில் காற்று, பெட்ரோல் விகிதம் பதிவாகிக்கொண்டிருந்தது. மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் போதவில்லை என்றே சென்சார் காட்டியது. லேப்டாப்பிலேயே கூட்டச் சொன்னேன், கூட்டினாள்.

"ஏனுங்க, தலை வலிக்குது. நிறுத்துங்க."

"வளைவுல அப்படித்தான் இருக்கும் கண்ணு. பதிவு பாதியில நின்னுரும்."

அவள் வாந்தியெடுத்த பிறகே நிறுத்தினேன். பின்னால் படுத்திருந்த எங்கள் நாய் சின்னான் எழவேயில்லை.

சென்சாருக்காக நான் வைத்த வெல்டிங்கில் விரிசல் என்றார் மெக்கானிக். அதில் வெளிக்காற்று புகுந்து சென்சாரை ஏமாற்றியிருக்கிறது; அதே விரிசல் வழியே விஷப்புகை காருக்குள் வந்திருக்கிறது. பெட்ரோலைக் கூட்டக் கூட்ட விஷமும் கூடியிருக்கிறது.

இப்போதெல்லாம் வெல்டிங்கைச் சோதிக்காமல் வண்டியை எடுப்பதில்லை. கண்ணாடியை இறக்கியே ஓட்டுகிறேன். அவள்தான் அதில் ஏறுவதில்லை.