விஜயகுமாரி போடும் ஒரே கண்டிஷன்

விஜயகுமாரியிடம் உதவி கேட்டு வந்த தாய்மார் எல்லாரும் ஒருமுறையாவது அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான். திருவிடந்தைக்காரி. சட்ட உதவி மையத்தின் தன்னார்வலர் என்று கழுத்தில் அட்டை தொங்கும். ஆனால் கேளம்பாக்கத்திலிருந்து மகாபலிபுரம் வரை, மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளையை வைத்திருப்பவர்கள் யாரும் அட்டையைப் பார்த்து அவளைத் தேடுவதில்லை. மனு எழுதணுமா, மேல்முறையீடு போடணுமா, ஆபீஸில் விரட்டிவிட்டார்களா, விஜயாக்காவுக்கு ஒரு போன் போடு என்பார்கள். அவளும் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு வந்து, முதலில் கூப்பிட்டவளைத் திட்டி, அப்புறம் ஆபீஸரைத் திட்டி, காரியத்தை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாமுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் தாய்க்கு அவள் போடுவது ஒரே கண்டிஷன். உள்ளே போனால் வாயைத் திறக்கக் கூடாது.

காரணம் இருந்தது. நம் தாய்மார்களுக்கு டாக்டர் என்றால் பரீட்சை வைக்கும் வாத்தியார். பிள்ளை ஃபெயிலாகிவிடக் கூடாது என்று மாதக்கணக்கில் உட்காரவைத்து உருப்போட வைப்பார்கள். உள்ளேயும் தாய் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்க, பிள்ளை கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கும். தாய்க்கு முகமெல்லாம் பூரிப்பு. டாக்டரோ குறைபாடு இருபத்தைந்து சதவீதம் என்று எழுதி அனுப்பிவிடுவார். நாற்பதுக்குக் கீழே போனால் எந்தக் கதவும் திறக்காது. விஜயகுமாரியும் தன் மகன் சுப்பிரமணிக்கு இதே பாவத்தைத்தான் செய்தாள். புதுச் சட்டை மாட்டி, வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்து, இருபத்தைந்தை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீடு வந்தாள். அதைத் திருத்த நாலு வருஷம் நாயாய் அலைந்தாள். சட்டம் படித்ததும் அந்த அலைச்சலில்தான், வாய் நீண்டதும் அதில்தான்.

பூங்கொடியும் போன வருஷம் அந்தத் தப்பைச் செய்துவிட்டுத்தான் அவளிடம் வந்தாள். புருஷன் இல்லாதவள். கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. மகள் லோகநாயகிக்குப் பதினாலு வயது. காலை ஏழு மணிக்கு அவளை உள்ளே வைத்துப் பூட்டினால், சாயங்காலம் ஐந்துக்குத்தான் பூட்டைத் திறப்பாள். ஒருநாள் பெண் கேஸ் அடுப்பைத் திருகிவிட்டாள். பக்கத்து வீட்டு வசந்தா வாடை பிடித்து, பூட்டை உடைத்து வெளியே இழுத்துப் போட்டதால் பிழைத்தாள். இன்னொரு தடவை வசந்தா வீட்டில் இருப்பாள் என்பது என்ன நிச்சயம்? வேன் அனுப்பிக் கூட்டிப்போகும் பகல் காப்பகம் ஒன்றில் ஒரு இடம் காலியாக இருந்தது. நாற்பது சதவீதச் சான்று கேட்டார்கள். விஜயகுமாரி மேல்முறையீடு போட்டு மறுபரிசோதனைக்கு உத்தரவு வாங்கினாள். இந்தத் தடவை எழுதுவதே இறுதி என்று அந்த உத்தரவிலேயே இருந்தது. காப்பகமும் வெள்ளிக்கிழமை வரைதான் காத்திருக்கும்.

புதன்கிழமை செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம். பஸ்ஸில் மூன்று தடவை, வரிசையில் இரண்டு தடவை விஜயகுமாரி கண்டிஷனைச் சொல்லிவிட்டாள். பூங்கொடி ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள். நாலு மாதமாகப் பெண்ணுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று சத்தியம் பண்ணினாள்.

காலையில் பட அட்டைகளைப் பொருத்தச் சொல்லி நடத்திய சோதனையில் பெண் எல்லைக்கோட்டில் நின்றாள். மீதி டாக்டர் ஜானகிராமன் கையில். நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்கு எண்பது டோக்கன். கூட ஒருவர் மட்டும் என்றதால் பூங்கொடி உள்ளே போனாள். விஜயகுமாரி தடுப்புத் திரையின் ஓரத்தில் நின்றாள். வெளியாள் குறுக்கிட்டால் பரிசோதனை செல்லாது என்று வாசலிலேயே எச்சரித்திருந்தார்கள்.

டாக்டர் பேர் கேட்டார். லோகநாயகி கணீரென்று சொன்னாள். ஊர் கேட்டார். திருவிடந்தை என்றாள். அம்மா பேர் கேட்டார். பூங்கொடி என்றாள். ஒரு இடத்திலும் தட்டவில்லை. மூன்று வருஷம் ஊட்டியது நாலு மாதத்தில் போய்விடுமா? டாக்டர் "வெரி குட்" என்று பெண்ணின் தோளைத் தட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

மறுபடியும் நாற்பதுக்குக் கீழேதான் எழுதப்போகிறார் என்று விஜயகுமாரிக்குப் புரிந்துவிட்டது. பேசுடி, பேசித் தொலைடி என்று கையை ஆட்டினாள். பூங்கொடி இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சொன்ன சொல் தவறாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்வை மட்டும் அந்தப் பேனாவின் மேல். ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கண்டிஷன், கடைசியில் ஒரு பெண்ணின் தலையில் மண்ணை வாரிப் போடப்போகிறது என்று விஜயகுமாரி பதறினாள். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாமா என்று ஒரு அடி எடுத்தும் வைத்தாள். போனால் எல்லாம் செல்லாமல் போகும்.

பேனா தாளைத் தொட்டபோது பூங்கொடி வாயைத் திறந்தாள்.

"சார், ஊரை மொதல்ல கேளுங்க சார்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் சொல்லிக்குடுத்த வரிசையிலயே கேட்டுட்டீங்க சார். அது அப்டியே மனப்பாடமா சொல்லிக்கினு கீது. மாத்திக் கேளுங்க."

மூன்று வருஷம் ராத்திரிச் சோறு ஊட்டும்போதெல்லாம் ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு வார்த்தையாகக் கற்றுக்கொடுத்தவள் அவள். மகளைப் பற்றி வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவளுக்கு இருந்ததே அந்த மூன்று பதில்தான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எந்த ஊரும்மா என்று மெதுவாகக் கேட்டார்.

"லோகநாயகி" என்றாள் பெண், முன்னைப் போலவே கணீரென்று.

உன் பேர் என்ன என்றார்.

"திருவிடந்தை."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சன்னலுக்கு வெளியே கை காட்டி, அங்கே நிற்கிறதே, அது என்ன என்றார். வெளியே ஒரு பஸ் நின்றிருந்தது.

"பூங்கொடி."

டாக்டர் எழுபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை வேன் வந்துவிடும். விஜயகுமாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது, ஆனால் சந்தோஷம் வரவில்லை. பூங்கொடி அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றையும் சொல்லி முடித்துவிட்ட பெண், வழக்கம்போல் அம்மாவின் முகத்தையே பார்த்துக் காத்துக்கொண்டிருந்தாள். பூங்கொடி அவள் கன்னத்தை வழித்து முத்தம் வைத்தாள்.

"எல்லாம் கரீட்டா சொன்னடி கண்ணு."