ஸ்டெல்லா செக் பண்ணிய சர்வர்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு எங்கள் பனியன் கம்பெனியின் பேக்கிங் ஹாலில் திடீரென்று ஓர் அமைதி. திருப்பூரில் அமைதி என்றால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். கரன்ட் போயிருக்க வேண்டும், அல்லது தீபாவளி லீவாக இருக்க வேண்டும். அன்று இரண்டும் இல்லை. அட்டைப்பெட்டிகள் மேல் ஒட்டுகிற பார்கோடு ஸ்டிக்கரை அடித்துத் தள்ளும் பிரின்டர்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன.

"ஏனுங்க, ஸ்டிக்கர் வரலீங்க!" என்று ஒரு குரல். அப்புறம் நாலு குரல். ஐந்தாவது நிமிடம் முதலாளியே வந்துவிட்டார்.

வாசலில் தூத்துக்குடி போக வேண்டிய கன்டெய்னர் லாரி. சாயந்திரத்துக்குள் கிளம்பியாக வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத பெட்டியை லாரியில் ஏற்ற முடியாது.

இந்த பிரின்டர்களுக்கு எல்லாம் உத்தரவு போடுவது ஒரு சர்வர். ஹாலை ஒட்டிய கண்ணாடி அறையில் உர்ரென்று உறுமிக்கொண்டிருக்கும். அதில் ஓடுவது லினக்ஸ். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நல்ல வேலை கிடைத்து பெங்களூருவுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. அவசரத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து வருகிற இன்னொருவர் போனை எடுக்கவில்லை.

முதலாளி ஹாலை ஒரு சுற்று பார்த்தார். "செக்கிங்ல இருக்கற ஸ்டெல்லாவைக் கூப்பிடுங்க" என்றார்.

துணி செக் பண்ணுகிறவரை எதற்கு சர்வருக்குக் கூப்பிடுகிறார்? ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் மூன்று மாதம் பின்னால் போக வேண்டும்... வருகிறீர்களா?

நான் இந்தக் கம்பெனிக்கு வாரம் மூன்று நாள் போய், வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்குகிற பையர்களுக்கு மெயில் எழுதிக் கொடுக்கிறவன். பழைய வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஸ்டெல்லா அங்கே செக்கிங் டேபிளில் இருப்பவர். சொந்த ஊர் சேவூர்ப் பக்கம். வயது நாற்பத்து மூன்று. எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். பனியனை உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் ஒரு தடவை பிடித்தால் போதும், எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். இருபது வருடமாக அதுதான் வேலை. இருபது வருடமாக நின்றுகொண்டே.

விளைவு? காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. "நிக்கிற வேலையை விட்டுடுங்கம்மா. இல்லாட்டி கால்ல புண்ணு வந்துரும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செக்கிங் என்றாலே நிற்கிற வேலை. வேலையை விட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். ஸ்டெல்லாவுக்கு அது பிடிக்கவில்லை. உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது கிடைக்குமா என்று முதலாளியிடம் கேட்டார்.

முதலாளி நல்ல மனிதர். ஆனால் ஆபீஸில் காலி சீட் இல்லை. பாதி விளையாட்டாகக் கண்ணாடி அறையைக் காட்டினார். "அந்த சீட்டு ஒண்ணுதானுங்க காலி. கத்துக்கிட்டு வாங்க. மூணு மாசம் டைம் தர்றனுங்க."

வராவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, ஸ்டெல்லாவும் கேட்கவில்லை.

அன்று சாயந்திரமே ஸ்டெல்லா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். "ஏனுங்ணா, லினக்ஸுன்னா என்னங்ணா?"

அடடா! இப்படி ஒரு கேள்விக்காகத்தானே நான் இத்தனை வருடம் காத்திருந்தேன்? ஒன்றும் தெரியாத விஷயத்தைப் பற்றி நான் முக்கால் மணி நேரம் பேசினேன். பிறகு, தூசி படிந்து கிடந்த என் பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, காசு கொடுக்காமல் கிடைக்கிற லினக்ஸை இறக்கி அதில் ஏற்றினோம். "நானும் சேர்ந்து கத்துக்கிறேன் அம்மணி. உனக்கு எது புரியலைன்னாலும் என்னைக் கேளு" என்றேன்.

இரண்டே வாரத்தில் நிலைமை தலைகீழ். நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா படிக்கிற விதமே வேறு. யூடியூபில் தமிழ் வீடியோ ஒன்றைப் போடுவார். இரண்டு நிமிடம் ஓடியதும் நிறுத்துவார். காட்டியதை அப்படியே அடித்துப் பார்ப்பார். வரும்வரை அடுத்த நிமிடத்துக்குப் போக மாட்டார். நானோ மொத்த வீடியோவையும் பார்த்து முடித்து, எல்லாம் தெரிந்துவிட்ட திருப்தியில் காபி குடிக்கப் போய்விடுவேன்.

"பாத்தா வராதுங்ணா. கை போகோணுமுங்க" என்பார்.

லினக்ஸில் சூடோ என்று ஒரு வார்த்தை உண்டு. எந்தக் கட்டளைக்கும் முன்னால் அதைப் போட்டால், 'இதை முதலாளி அதிகாரத்தில் செய்' என்று அர்த்தம். கம்ப்யூட்டர் மறுபேச்சு பேசாமல் செய்துவிடும். நான் எதற்கெடுத்தாலும் சூடோதான். ஸ்டெல்லாவுக்கு அதில் உடன்பாடே இல்லை. "சும்மா சும்மா மொதலாளி பேரைச் சொல்லி வேலை வாங்கக் கூடாதுங்ணா. நம்ம அளவுல முடியுதான்னு மொதல்ல பாக்கோணுமுங்க" என்று கண்டித்தார்.

ஒருநாள் நான் வெளியே போய்விட்டு வந்தால் மானிட்டர் முழுக்கச் சிவப்பு அம்புகள்! செக்கிங்கில் துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டும்படி சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதையேதான் திரையிலும் ஒட்டியிருந்தார். கம்ப்யூட்டர் 'முடியாது' என்று சொன்ன வரி ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்பு. ஒன்றொன்றாகச் சரிசெய்ய, ஒன்றொன்றாக உரித்தார்.

என் மனைவி வந்து பார்த்தாள். "இவருக்கும் ரெண்டு ஒட்டி உடு ஸ்டெல்லா" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் யோசித்தேன். நாம் யாராவது திரையில் வருவதைப் படிக்கிறோமா? ஏதோ ஒரு பெட்டி முளைக்கிறது. அது என்ன சொல்ல வருகிறது என்று ஒரு வார்த்தைகூடப் படிக்காமல் 'ஓகே'யை அமுக்குகிறோம். அப்புறம் 'சிஸ்டம் சரியில்லை' என்கிறோம். அது பாவம், எங்கே வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

படிக்காமல் அமுக்குகிறவனுக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்காக ஒரு ஃபோல்டரை அழிக்கப் போனேன். வேகமாக அடித்தேன். என்டரைத் தட்டினேன். லினக்ஸ் 'நிச்சயமாகவா?' என்றுகூடக் கேட்கவில்லை. ஃபோல்டர் போனது. பக்கத்திலிருந்த இன்னொரு ஃபோல்டரும் போனது. அதில் நான் ஏற்றி வைத்திருந்தவை... மூன்று வருடமாக இந்தப் பத்திரிகையில் எழுதிய பத்திகள்! (சில வாசகர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவது காதில் விழுகிறது.)

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லா கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகினார். ஏதோ ஒரு வரி அடித்தார். அத்தனை பத்திகளும் வரிசையாகத் திரும்பி வந்தன.

"தினமும் உங்க கட்டுரையைத்தானுங்ணா காப்பி எடுத்து, திரும்பப் போட்டுப் பழகறேன். இந்தப் பொட்டியில வேற என்ன இருக்குதுங்க?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "எல்லாத்தையும் படிச்சியா அம்மணி?"

"இல்லீங்ணா. காப்பி மட்டும்தானுங்க."

மூன்றாவது மாதம் ஸ்டெல்லா வேண்டுமென்றே கெடுக்க ஆரம்பித்தார். ஓடுகிற புரோகிராமை நிறுத்துவார், என்ன ஆகிறது என்று பார்ப்பார். குப்பை ஃபைல்களைப் போட்டு டிஸ்கை முழுக்க நிரப்புவார், எப்படித் திணறுகிறது என்று பார்ப்பார். அப்படி நிரப்பிய ஒருநாள், பெரிய ஃபைலாகப் பார்த்து நான் அழித்தேன். ஃபைல் போய்விட்டது. இடம் மட்டும் வரவில்லை! ஸ்டெல்லா இரண்டு நாள் அதையே தேடித் தேடிப் பார்த்தார். விஷயம் இதுதான். எழுதிக்கொண்டிருக்கிற புரோகிராம் அந்த ஃபைலை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது விட்டால்தான் இடம் திரும்பும். நோட்டில் எழுதி, அதன் பக்கத்தில் ஓர் அம்பு ஒட்டிக்கொண்டார்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

செக்கிங்கிலிருந்து ஸ்டெல்லா வேகமாக வந்தார். கண்ணாடி அறைக்குள் முதலாளி, நான், ஸ்டெல்லா. வெளியே பேக்கிங் ஆட்கள் மொத்தமும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வீட்டில் எத்தனை தடவை கெடுத்தாலும் கேட்க ஆள் கிடையாது. இங்கே கெட்டால் லாரி நிற்கும். ஸ்டெல்லாவின் மூன்று மாதமும் அதோடு போகும்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்களே" என்றார் முதலாளி.

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன்" என்றேன். வேறென்ன தெரியும் எனக்கு?

"கொஞ்சம் இருங்க. உள்பக்கம் பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றார் ஸ்டெல்லா. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார்.

ஒரு கட்டளை. டிஸ்க் நூறு சதவீதம் நிறைந்திருந்தது. இன்னொரு கட்டளை. ஒரே ஒரு ஃபைல் ஊதிப் பெருத்திருந்தது. சர்வர் தன் புகார்களை எழுதி வைக்கிற ஃபைல் அது.

"அழிச்சுப்போடு அம்மணி!" என்றேன். வாய் சும்மா இருக்காதே.

ஸ்டெல்லா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஃபைலின் கடைசி வரிகளைத் திறந்து, ஒவ்வொன்றாக விரலை வைத்துப் படித்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே வரிதான் திரும்பத் திரும்ப இருந்தது.

"ஏனுங்க, மூணாம் நம்பர் பிரின்டர் எங்கீங்க?"

"அதைச் சோமனூர் யூனிட்டுக்கு அனுப்பிப் பதினஞ்சு நாளாச்சுங்களே" என்றார் முதலாளி.

"இதுக்கு யாரும் சொல்லலீங்க. இன்னும் அதையே கூப்பிட்டுட்டு இருக்குதுங்க. வரலை, வரலைன்னு நொடிக்கு ஒருக்கா எழுதி வெச்சிருக்குதுங்க. அதுலதான் இடம் பூரா ரொம்பிப்போச்சு."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "உங்க அதிகாரத்துல மூணு வேலை பண்ணோணுமுங்க. பண்ணட்டுங்களா?" என்று கேட்டார். முதலாளி டைரியைப் பிரித்து, பாஸ்வேர்டை அவரே அடித்தார்.

ஸ்டெல்லா புகாரின் கடைசிப் பகுதியை முதலில் பென்டிரைவில் எடுத்து வைத்தார். மூன்றாம் நம்பர் பிரின்டரைப் பட்டியலிலிருந்து நீக்கினார். பிறகு ஃபைலை அழிக்காமல், உள்ளே இருந்ததை மட்டும் காலி செய்தார். இடம் திரும்பி வந்தது. ஸ்டிக்கர் புரோகிராமை மறுபடி ஓட விட்டார்.

ஹாலில் பிரின்டர்கள் கரகரவென்று ஆரம்பித்தன. வெளியே ஒரே விசில்.

"அட, லாரியில ஏத்தச் சொல்லுங்க!" என்று கிளம்பினார் முதலாளி.

"இல்லீங்க, இருங்க. மொதல் பத்து ஸ்டிக்கரைக் கொண்டாரச் சொல்லுங்க. பாக்காம பாஸ் பண்ண முடியாதுங்க."

பெட்டியை முதலாளி ஏற்றச் சொல்கிறார், செக்கிங் டேபிள் பெண் நிறுத்தச் சொல்கிறார்! பத்து ஸ்டிக்கரும் வந்தன. எண், அளவு, கலர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் முதல் பெட்டி நகர்ந்தது. மொத்தம் ஐம்பது நிமிடம். கோயம்புத்தூர்க்காரர் திரும்பக் கூப்பிட்டபோது, "பரவால்லீங்க, எங்காள் பாத்துட்டாங்க" என்றார் முதலாளி. அந்த 'எங்காள்' காதில் விழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

வாசல்வரை போன முதலாளி திரும்பி வந்தார். "இனி டேபிளுக்குப் போக வேண்டாமுங்க. இந்த ரூம் உங்களுது. இன்னைக்கே உக்காந்துக்குங்க."

அவர் போன பிறகுதான் கவனித்தேன். ஸ்டெல்லா கண்ணாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மெல்ல உதறிக்கொண்டிருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. ஐம்பது நிமிடமும் மேசைமேல் குனிந்து நின்றபடியே அடித்திருக்கிறார். சக்கரம் வைத்த நாற்காலி அவருக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏனம்மணி, உக்காரத்தானே இத்தனையும் படிச்சே? உக்காந்து அடிச்சா என்ன?"

"மொதலாளி நின்னுட்டு இருந்தாங்களேங்ணா... எப்படிங்க உக்கார்றது?"

லினக்ஸ் மூன்று மாதத்தில் வந்துவிட்டது. இதற்கு எந்த வீடியோவைப் போட்டுக் காட்டுவது?